நான்கு பென்சில் கோடுகள்

அக்டோபர் 9, புதன்

ஆய்வகக் குறிப்பேட்டில் நடந்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் ஆய்வு வழிகாட்டி கமலவேணி மேடத்தின் சட்டம். நினைப்பதை எழுத அதில் இடமில்லை. அதனால் இந்த டைரி. ரயிலில் பழக்கமான மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் இருமல் மருந்தின் பெயர் இருக்கிறது. இதை விடுதி அறையை விட்டு வெளியே கொண்டுபோக மாட்டேன். பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் இருக்கும். பக்கத்து அறைக்காரன் தேங்காய் எண்ணெய் கேட்டு அடிக்கடி வருகிறான், அவன் தலையில் எண்ணெய் இருந்து நான் பார்த்ததில்லை.

நவம்பர் 15 அன்று ஆய்வுக்குழு கூடுகிறது. எனக்கு ஆறாவது வருடம் முடிகிறது. அன்றைக்குள் அந்த ஒரு படத்தைக் காட்டினால் ஆறு மாத நீட்டிப்பு. காட்டாவிட்டால் டாக்டர் பட்டம் இல்லாமல் கும்பகோணத்துக்கு ரயில் ஏறி, அப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார வேண்டியதுதான்.

அந்த ஒரு படம் என்ன என்று எழுதி வைக்கிறேன். மீக்கடத்தியில் செய்த ஒரு சிப். அதில் மைக்ரோவேவ் அலை நின்று துடிக்கும். அதன் மேல் யிட்ரியமும் இரும்பும் கலந்த ஒரு காந்த உருண்டை. கசகசாவை விடச் சிறியது. இரண்டையும் ஒரே செம்புப் பெட்டியில் வைத்து, ஃப்ரிட்ஜில் விண்வெளியை விடக் குளிராக்கி, சிப்பின் துடிப்பை உருண்டைக்கும் உருண்டையின் துடிப்பைச் சிப்புக்கும் போகவைக்க வேண்டும். போனால் திரையில் இரண்டு கோடுகள் நெருங்கி வந்து, வெட்டிக்கொள்ளாமல் வளைந்து விலகும். அதுதான் படம்.

சிக்கல் என்னவென்றால் மீக்கடத்திக்குக் காந்தம் ஆகாது. குளிரும்போது வேண்டாத காந்தம் துளி அருகில் இருந்தாலும் அது சிப்பில் சிக்கிக்கொண்டு கெடுத்துவிடும். இதற்காகவே எங்கள் ஆய்வக வாசலில் நூலில் ஒரு காந்தம் தொங்குகிறது. பெட்டியோடு போகிற ஸ்க்ரூ, வாஷர், கம்பி எதுவானாலும் முதலில் அதனிடம் காட்ட வேண்டும். ஒட்டினால் உள்ளே விடக்கூடாது.

உருண்டை என் பொறுப்பு. சிப் ஜெபக்கனியின் பொறுப்பு. மூன்றாம் வருடம், நாசரேத் பக்கத்துப் பெண். போன வாரம் உருண்டை இல்லாமல் அவளுடைய சிப்பை மட்டும் குளிரவைத்தோம். திரைக் கோட்டில் ஊசி போல் ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளம் எவ்வளவு ஒல்லியோ சிப் அவ்வளவு சுத்தம். மேடம் அவள் தோளில் தட்டினார். என் தோளில் தட்டி மூன்று வருடம் ஆகிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தொழில்நுட்ப அதிகாரி தணிகாசலம் வருடத்தில் இந்த ஒரு நாள்தான் எங்களுக்குத் தலைவர். காலையிலிருந்து எல்லாக் கருவியையும் கழுவித் துடைத்தோம். பம்புக்குச் சந்தனம், கணினிக்குக் குங்குமம், ஃப்ரிட்ஜின் இரும்புக் காலுக்கு மாலை. ஸ்க்ரூ டப்பாக்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்ததால் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஓர் எவர்சில்வர் தட்டில் சாமி படத்தின் முன் போய்விட்டன. வாசல் காந்தத்தையும் கழற்றி, பொட்டு வைத்து, செவ்வந்தி சாத்திப் படத்தின் காலடியில் வைத்தார்.

சந்தனம் கரைத்தது ஜெபக்கனி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், இங்கே பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். யாருக்குக் காட்ட என்று நினைத்தேன். மேடம் வரும்போது பார்த்து அவள் கையில்தான் சூடத் தட்டு இருந்தது.

"இன்னிக்கு எதையும் தொடக்கூடாதுபா. எல்லாம் சாமிகிட்ட இருக்கு. நாளைக்குப் பத்தரைக்கு மேலதான் எடுக்கணும்" என்றார் தணிகாசலம்.

பொரி நன்றாக இருந்தது. கடலை நமத்துப் போயிருந்தது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. நல்ல நாளில் தொடங்கினால் நல்லது என்று காலை எட்டுக்கே போய்விட்டேன். நுண்ணோக்கியின் கீழ் உருண்டையைச் சிப்பின் மேல் வைத்து ஒட்ட ஒரு மணி நேரம். ஒரே முயற்சியில் சரியான இடத்தில் உட்கார்ந்தது. கை நடுங்கவில்லை. இதைப் பார்க்க யாரும் இல்லை என்பதில் வருத்தம்தான்.

மூடி போடப் பார்த்தால் ஸ்க்ரூ எல்லாம் பூஜைத் தட்டில். பித்தளையும் மஞ்சள் முலாம் பூசிய எஃகும் ஒன்றாகக் கலந்து, நடுவில் நாலு பொரியும். வாசல் காந்தம் பூவோடு சாமி காலடியில். பத்தரைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. காந்தத்தின் பூவைக் கலைக்க மட்டும் மனம் வரவில்லை. பாத்திரக் கடைக்காரர் பிள்ளைக்குப் பித்தளை தெரியாதா. கண்ணால் பார்த்தே நான்கை எடுத்து மூடியைப் பூட்டி, பெட்டியை ஃப்ரிட்ஜில் மாட்டிவிட்டேன்.

மதியம் மெஸ்ஸில் வடை பாயசம். எனக்கு மட்டும் வடை ஒன்று குறைந்தது. வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. ஃப்ரிட்ஜ் குளிர்ந்துவிட்டது. பள்ளம் ஊசியாக இல்லை. வாணலி மாதிரி அகலமாக இருக்கிறது.

போன வாரம் அவள் தனியாகப் பார்த்தபோது ஊசி. என் உருண்டை ஏறியதும் வாணலி. இதை அவள் எதிர்பார்த்தது போலத்தான் தெரிந்தது. "அய்யோ" என்று சொன்னாள். சத்தம் வந்த அளவுக்கு முகத்தில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 16, புதன்

இன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். காலை பதினோரு மணிக்கு, உருண்டையின் துடிப்பைக் கூட்டிக் குறைக்கிற காந்தச் சுருளில் இரண்டு ஆம்பியர் வைத்துப் பள்ளம் இருக்கும் இடத்தைக் குறித்தேன். சாப்பிட்டு வந்தேன். அதே இரண்டு ஆம்பியர். பள்ளம் வேறிடத்தில்.

ஜெபக்கனி மட்டும்தான் அறையில் இருந்தாள்.

"நீங்க சாப்பிடப் போனப்ப அஞ்சு வரைக்கும் ஏத்தி எறக்கிப் பாத்தேன்ணே. திரும்ப ரெண்டுலதான் கொண்டாந்து விட்டேன். நோட்டுல எழுதிருக்கேன்."

அதுதான் சந்தேகம். தப்புச் செய்கிறவர்கள்தான் இப்படி உடனுக்குடன் எழுதி வைப்பார்கள். இனிமேல் சாப்பாட்டை இங்கேயே கட்டிக்கொண்டு வர வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

வாக்குவாதம். முழுவதையும் எழுதி வைக்கிறேன், பின்னால் தேவைப்படலாம்.

அவள் இரண்டு வரைபடங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். "பாருங்கண்ணே, ஏத்தும்போது ஒரு எடம், எறக்கும்போது வேற எடம். உள்ள என்னமோ ஒண்ணு காந்தத்த ஞாபகம் வச்சுக்கிடுது. இரும்புதான் இப்படிச் செய்யும். உங்க உருண்ட செய்யாதுல்லா."

"அப்ப நான் ஒட்டினது சரியில்லன்னு சொல்ற."

"நான் எங்க அப்படிச் சொன்னேன். பெட்டிய வெளிய எடுத்து வாசல் காந்தத்துக்கிட்ட ஒருக்கா காட்டிப் பாப்போம்னுதான சொல்லுதேன்."

"மூடுறதுக்கு முன்னாடியே பாத்தாச்சு" என்றேன்.

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தையும்."

அவள் வரைபடங்களை எடுத்து மடித்து வைத்தாள். தணிகாசலம் உள்ளே வந்து ஏசியைக் குறைத்துவிட்டுப் போனார்.

விடுதிக்கு நடந்து வரும்போது யோசித்தேன். அவள் தன் சிப்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் என் பெயர் மூன்றாவது. என் உருண்டை தோற்றால் குழுவுக்கு மிஞ்சுவது அவள் கட்டுரைதான். இதை நான் மனதில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் வந்துவிட்டது.

அக்டோபர் 18, வெள்ளி

ஃப்ரிட்ஜைச் சூடாக்க ஆரம்பித்தாயிற்று. குடையை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

அக்டோபர் 21, திங்கள்

குடை என் அறையில்தான் இருந்தது.

பெட்டியைத் திறந்து உருண்டையைக் கால் மில்லிமீட்டர் நகர்த்தி ஒட்டினேன். ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்து, அதே நான்கையும் திரும்பப் போட்டேன். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று கிண்ணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஜெபக்கனி பார்த்துச் சிரித்தாள். நேற்று மேடம் மூன்று வாரப் பயணமாக வெளிநாடு போய்விட்டார். அவர் இல்லாத நேரத்தில் இவள் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 23, புதன்

மறுபடியும் வாணலி. ஏற்றினால் ஓரிடம், இறக்கினால் ஓரிடம். இன்று நான் அறையை விட்டு நகரவே இல்லை. தயிர்சாதம் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே.

நான் இருக்கும்போதும் இப்படி நடக்கிறது என்றால் குளிரவைப்பதற்கு முன்பே ஏதோ நடந்திருக்கிறது. பெட்டியில்தான் கை வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 25, வெள்ளி

நாளை ஊரில் சித்தி பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். போகாவிட்டால் அம்மா பேசமாட்டாள். பெட்டியைச் சூடாக்கி வெளியே எடுத்து, ஈரம் ஏறாத கண்ணாடி ஜாடியில் வைத்தேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். கூர்மையான பென்சிலால் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்து மூடி வரைக்கும் மெல்லிய கோடு ஒன்று இழுத்தேன். ஸ்க்ரூவைத் திருகினால் கோடு உடையும். நான்கு ஸ்க்ரூ, நான்கு கோடு. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால்தான் தெரியும்.

இப்படிச் செய்ய வேண்டி வந்ததே என்று கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தேன்.

அக்டோபர் 26, சனி

கும்பகோணம். நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஜெபக்கனி மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. நான் இல்லாத நாளில் அவளுக்கு ஆய்வகத்தில் என்ன வேலை?

"எப்படா முடிப்ப?" என்று அப்பா கேட்டார். அடுத்த மாதம் என்றேன். கடையில் பெயர்ப் பலகையைப் புதிதாக எழுதியிருக்கிறார். "மற்றும் மகன்" என்று சேர்க்க இடம் விட்டிருக்கிறார்.

அக்டோபர் 28, திங்கள்

பிடித்துவிட்டேன்.

மூன்று ஸ்க்ரூக்களில் கோடு அப்படியே இருக்கிறது. வலது பக்கம் கீழே இருக்கும் நான்காவதின் தலையில் கோடே இல்லை. மூடியின் மேல் மட்டும் பாதிக் கோடு.

 கோபம் வரவில்லை, எனக்கு எங்கோ சந்தோஷமாக இருந்தது. இரண்டு வாரமாக நினைத்தது சரி என்று தெரிந்த சந்தோஷம். நல்லவன் படும் சந்தோஷம் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் இருந்தது.

மேடத்துக்குப் போன் போட்டேன். அங்கே அதிகாலை. அவர் பொறுமையாகக் கேட்டார். "பெட்டியத் திறக்காத. அப்படியே குளிர வை. என்ன பண்ணியிருந்தாலும் தெரிஞ்சிடும். நான் வர்ற வரைக்கும் நீ மட்டும் ஃப்ரிட்ஜப் பாத்துக்கோ, அவகிட்ட நான் சொல்லிக்கறேன். பதினொண்ணாந்தேதி வந்துடுவேன். தேதி போட்டு எல்லாத்தையும் எழுதிக் குடு. நிஜமா இருந்தா அவ இந்த லேப்ல இருக்க முடியாது."

அக்டோபர் 29, செவ்வாய்

ஜெபக்கனி வாசலிலேயே நின்றாள். இதுவரை அப்படி நின்றதில்லை.

"மேடம் போன் பண்ணினாங்க. டிசைன் வேலைய மட்டும் பாரு, ஃப்ரிட்ஜ்கிட்ட போகாதன்னாங்க. என்னத்துக்குன்னு சொல்லல. நீங்க எதும் சொன்னீங்களாண்ணே?"

"நான் என்ன சொல்லப் போறேன்."

அவள் வாசலை விட்டு நகரவில்லை. "நோட்டப் பாத்தீங்களா?"

நான் அவளைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று ஆழம் பார்க்கிறாள். "பாத்தேன்" என்றேன். குறிப்பேட்டை நான் பத்து நாளாகத் தொடவில்லை. என் அளவீடுகளைத் தனித்தாளில் எழுதி வருகிறேன், அவள் கையில் கிடைக்கக் கூடாது என்று.

"பாத்துட்டுமா?" என்றாள். பிறகு, "சரி" என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விடுதியில் பாதிப் பேர் இல்லை. வெடிச் சத்தத்துக்கு நடுவே ஆய்வகத்தில் தனியாக இருந்தேன்.

ஊசி. சுத்தமான ஊசி. உருண்டையோடு.

நவம்பர் 1, வெள்ளி

காந்தத்தை மெதுவாக ஏற்றினேன். இரண்டு கோடுகள் நெருங்கி வந்தன. வந்து, வெட்டிக்கொள்ளாமல், வளைந்து விலகின. இறக்கினேன். அதே இடம், அதே வளைவு. ஏழு தடவை செய்தேன். ஆறு வருடத்துக்கும் சேர்த்து இன்றுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் போன் செய்து பலகையில் "மற்றும் மகன்" எழுத வேண்டாம் என்றேன். அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று குரலில் தெரியவில்லை.

அவள் பக்கத்தில் இல்லை, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும். யாராவது ஒருவரோடு ஒரு லட்டாவது சாப்பிட்டிருக்கலாம். யாரும் இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

தணிகாசலம் சொன்னார்: "அந்தப் பொண்ணு வேற டிபார்ட்மென்ட்டுக்குப் போவுதாம்பா. கைடு மாத்துற ஃபாரம் வாங்கினு போச்சு. மேடம் வந்தா கையெழுத்து போடணுமாம். இன்னாபா ஆச்சு? நல்ல பொண்ணாச்சே."

தெரியாது என்றேன். மேசையிலிருந்த அவளுடைய கற்றாழைத் தொட்டியைக் காணோம்.

நல்லதாகப் போயிற்று என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

நாளை மேடம் வருகிறார். தேதி போட்டு எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் இந்த டைரியைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினேன். தனித்தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். அக்டோபர் 26, மூன்று போன். அக்டோபர் 25, பென்சில் கோடு. அக்டோபர் 16, மதிய உணவு நேரம். பெட்டியை முதலில் மூடிய தேதி வேண்டும் என்று 12-ஆம் தேதிக்குப் போனேன்.

"கண்ணால் பார்த்தே நான்கை எடுத்து."

அடியில் இருமல் மருந்தின் பெயர். மேலே என் கையெழுத்து. திரும்பத் திரும்ப அந்த ஒரு வரியைப் படித்தேன். அது என் கையெழுத்தாக இல்லாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்புறம் ஒரு கேள்வி வந்தது. 28-ஆம் தேதியே வந்திருக்க வேண்டிய கேள்வி. பெட்டியைத் திறக்க நினைக்கிறவள் ஒரே ஒரு ஸ்க்ரூவை மட்டும் ஏன் கழற்றுவாள்? ஒன்றைக் கழற்றினால் மூடி திறக்காதே.

சட்டையை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். குறிப்பேடு அலமாரியில், எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. அக்டோபர் 26-ஆம் தேதிப் பக்கம். ஜெபக்கனியின் குண்டுக் கையெழுத்து:

"பெட்டியைத் திறக்காமல் வாசல் காந்தத்திடம் காட்டினேன். வலது கீழ் ஸ்க்ரூ ஒட்டுகிறது. எஃகு. ஏற்றும்போதும் இறக்கும்போதும் பள்ளம் மாறுவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். காந்தத்தில் சோதித்த பித்தளை ஸ்க்ரூவாக மாற்றியிருக்கிறேன். மூடியைத் திறக்கவில்லை. சாரங்கன் அண்ணனுக்குப் போன் செய்தேன், கிடைக்கவில்லை. பழைய ஸ்க்ரூ கீழே."

பக்கத்தோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. உள்ளே அந்த ஸ்க்ரூ. மஞ்சளாக, பார்ப்பதற்குப் பித்தளையைவிடப் பித்தளையாக. அதன் தலையில் என் பென்சில் கோட்டின் பாதி.

வாசல் காந்தத்தில் இன்னும் காய்ந்த குங்குமம் இருந்தது. உறையைக் கிட்டே கொண்டுபோனேன். ஸ்க்ரூ உறையோடு துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

யாரை இத்தனை நாள் சந்தேகப்பட்டேன். ஆறு வருடம் படித்ததை ஒரு ஸ்க்ரூவுக்காகத் தொலைக்கப் பார்த்தவன் நான். அதைக் காப்பாற்றிக் கொடுத்தவளை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அவள் சந்தனம் கரைத்ததைக்கூட விடவில்லை நான். வெட்கமாக இருக்கிறது.

இதையும் எழுதிவிடுகிறேன்: அந்தப் பக்கத்தைக் கிழித்தால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடம் தோன்றியது. உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவு வரை போனேன். படம் கையில் இருக்கிறது, குழு ஐந்து நாளில் கூடுகிறது. கதவிலிருந்து திரும்பி வந்து உறையை அதே இடத்தில் ஒட்டினேன். ஒட்டுநாடா கோணலாகிவிட்டது.

நவம்பர் 11, திங்கள்

மேடத்தின் மேசையில் குண்டூசி டப்பா இருக்கும், வாயில் காந்தம் பதித்தது. குறிப்பேட்டை அதன் பக்கத்தில் வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உறை தானாக நகர்ந்து, பக்கத்தோடு டப்பாவின் மேல் சாய்ந்தது. மேடம் எழுதியதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் போட்டது?"

"நான் மேடம்."

"செக் பண்ணலயா?"

"காந்தத்துக்குப் பூ வெச்சிருந்தது மேடம். எடுக்க மனசு வரல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"தப்பான ஸ்க்ரூ யாரு வேணா போடலாம்ப்பா. நானே போட்டிருக்கேன். அதுக்கப்புறம் ஒரு மாசம் நீ பண்ணின பாரு, அதுதான்." ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஜெபக்கனியின் பெயர், அவள் கையொப்பம், மேடத்தின் இடம் காலியாக. "இதுல நான் போடணுமா வேண்டாமான்னு உன்னக் கேக்கப் போறதில்ல. அது அவ சொல்லணும். இதெல்லாம் என்கிட்ட ஏன் சொல்லிட்டிருக்க? அவகிட்ட போ."

நவம்பர் 12, செவ்வாய்

அடுத்த கட்டிடத்தின் கேன்டீனில் இருந்தாள். எதிரில் கற்றாழைத் தொட்டி. எங்கே வைப்பது என்று இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நான் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"ஸ்க்ரூ நான் போட்டது" என்றேன். "காந்தத்துல பாத்தேன்னு சொன்னது பொய்."

"அது தெரியும்ணே. ஸ்க்ரூ தானா நடந்து போயி மூடியில ஏறுமா."

"அப்பவே ஏன் மேடத்துக்கிட்ட சொல்லல?"

"நீங்க பாத்தா நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். நம்ம அண்ணன்தானன்னு." டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "அந்த ஸ்க்ரூவக் கழத்தப் போனேன் பாருங்க, அப்பத்தான் கோட்டப் பாத்தேன். கை நின்னுட்டு. எதுக்குக் கோடுன்னு யோசிச்சேன். அப்புறம் புரிஞ்சிட்டு. புதுசப் போட்டுட்டு, பென்சில எடுத்தேன். ஒரு கோடு இழுத்து விட்டா ஒங்களுக்குத் தெரியவே போறதில்ல. போடல. நான்தான் மாத்துனேன்னு ஒங்களுக்குத் தெரியட்டும்னு விட்டுட்டேன்."

டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நோட்டப் பாத்தீங்களான்னு கேட்டேன். பாத்தேன்னீங்க."

"பாக்கல."

"அது இப்பத்தான தெரியுது. பாத்துட்டும் என்னப் போயி சொல்லிட்டீங்கன்னுல்லா இத்தன நாளு நெனச்சிட்டு இருந்தேன்." முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "ராத்திரி சோறு எறங்கலண்ணே, தெரியுமா."

மன்னித்துவிடு என்றேன். என் வாயில் அந்த வார்த்தை பழக்கமில்லாமல் கரகரத்தது. மேடத்திடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன்.

"மேடத்துக்கிட்ட சொன்னது போதாது. நோட்டுல எழுதுங்க. பன்னெண்டாந்தேதிக்கு நேரா. ஒங்க கையெழுத்துல."

எழுதினேன். டைரியில் இருக்கும் அதே வரி. பூவைப் பற்றியும் எழுதினேன்.

நவம்பர் 15, வெள்ளி

குழு ஆறு மாதம் கொடுத்தது. படத்தின் கீழே இரண்டு பெயர்கள், அவளுடையது முதலில். ஸ்க்ரூவைப் பற்றி நானே சொன்னேன். பெரியவர் ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்கள் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்கள்.

நவம்பர் 18, திங்கள்

வேறொரு உருண்டையை வைத்து அதே படத்தை மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். காலையில் ஜெபக்கனி வந்தாள். கற்றாழை வரவில்லை. படிவத்தை மேடத்திடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருக்கிறாளாம். கிழித்தாயா என்று கேட்டேன்.

"பையில இருக்கு" என்றாள்.

உருண்டையை நான் ஒட்டினேன். மூடிக்கு வந்ததும், "நான் பூட்டுதேன்" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். நான்கு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாக வாசல் காந்தத்திடம் கொண்டுபோய்க் காட்டினாள். எதுவும் ஒட்டவில்லை. ஒவ்வொன்றையும் என்னிடமும் காட்டிவிட்டுத்தான் திருகினாள்.

பிறகு என் மேசையிலிருந்து பென்சிலை எடுத்தாள். கூர் போதவில்லை என்று சீவிக்கொண்டாள். ஸ்க்ரூவின் தலையிலிருந்து மூடி வரைக்கும் மெல்லிய கோடு ஒன்று இழுத்தாள். அடுத்ததற்கும் இழுத்தாள். நான்குக்கும் இழுத்து முடித்து, பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிச் சரிபார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.